மனு மேசை தாண்டுவதற்குள் பயிற்சி முடிந்துவிடுகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் சிவிலியன் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசி ஒன்பது வருடம் ரெக்கார்டு ரூமில். எங்கள் அலுவலகத்தில் ஒருவரை அங்கே மாற்றினால் யாரிடமோ வாயைக் கொடுத்துவிட்டார் என்றுதான் பேசிக்கொள்வார்கள், நானும் அப்படிப் போனவன்தான்.

போன பிறகு வேலை பிடித்துவிட்டது. டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் பள்ளியில் ஆவணப் பராமரிப்புக்குக் குறுகிய காலப் படிப்பு உண்டு. அதற்கு மூன்று முறை மனு கொடுத்தேன். முதல் முறை சுற்றறிக்கை ஐந்து மேசை சுற்றி என்னிடம் வந்தபோது கடைசித் தேதிக்கு நான்கு நாள் பாக்கி, நோட் போட்டால் கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில். அடுத்த முறை, "நீ போய்விட்டால் ரூமை யார் பார்ப்பது?" மூன்றாம் முறை வேறு செக்‌ஷன்காரர் ஒருவரை அனுப்பினார்கள், அவருக்கு ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது. பாவம், டெல்லி பார்த்ததில்லையாம்! பக்கத்து சீட்டில் ராணுவத்தைச் சேர்ந்த ஹவில்தார் கிளார்க் ஒருவர், அவருக்கு எப்படியோ அனுமதி கிடைத்தது, கிளம்புவதற்குள் வேறு இடத்துக்குப் போஸ்டிங் ஆர்டரும் வந்துவிட்டது.

இது என் சொந்தக் குறை மட்டும் இல்லை. 1993 பொது ஆவணச் சட்டப்படி மத்திய அரசு அலுவலகம் ஒவ்வொன்றிலும் ஆவண அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், விதியை மீறி ஆவணத்தை அழித்தால் ஐந்து வருடம் வரை சிறை. சட்டம் இவ்வளவு கறார். ஆனால் 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இல்லை என்று 2022 டிசம்பரில் அதன் தலைமை இயக்குநர் சந்தன் சின்ஹாவே சொன்னார். 25 வருடத்தில் ராணுவ ஆவணங்களின் ரகசியத்தை நீக்கலாம் என்று 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் கொள்கை அறிவித்ததே, சரி, அந்தக் கோப்புகளைப் பிரித்துப் பார்த்து எதை வைப்பது எதைக் கழிப்பது என்று சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

அரசு ஊழியர்களுக்கான ஆன்லைன் பயிற்சித் தளமான கர்மயோகியில் எல்லாம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஈரத்தில் ஒட்டிப்போன சர்வீஸ் புக்கைக் கிழியாமல் பிரிப்பதை போனில் பார்த்துக் கற்க முடியாது, அந்த ஒரு தாளை நம்பித்தான் விதவைப் பெண் ஒருவர் குடும்பப் பென்ஷனுக்கு அலைந்துகொண்டிருப்பார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ராணுவத்தினரோ சிவிலியனோ, மேலதிகாரி கையெழுத்துக்குக் காத்திராமல் மனுவின் நகலை முன்கூட்டியே (அட்வான்ஸ் காப்பி) நேரே பயிற்சி நிலையத்துக்கு அனுப்ப விடுங்கள். மேலதிகாரி பத்து நாளில் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ரெக்கார்டு ரூமில் இருப்பவருக்கே முதல் இடம் கொடுங்கள்.

என்னுடைய மூன்று மனுக்களின் நகலும் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. அலுவலகக் கோப்பில் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஓய்வு பெற்ற சிவிலியன் ஊழியர்,
அம்பத்தூர், சென்னை