காசிமேட்டு மொட்டைமாடிக் கூட்டம்: நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு கூட்டத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு இந்த மடல். பேசி வைத்திருந்த மண்டபத்துக்காரர்கள் முந்தின நாள் கைவிரித்துவிட்டார்கள். ஐஸ் லோடு அடிக்கிற அண்ணன்தான் தன் வீட்டு மொட்டைமாடியைத் திறந்துவிட்டார். மீன்பாடி வண்டியில் நாற்காலி ஏற்றி வந்த தம்பி கூலி வாங்க மறுத்துவிட்டான். நன்றியையாவது வாங்கிக்கொள்ளப்பா.

'அறிவியல் கொள்கையில் நாடுகளின் ஒத்துழைப்பு' என்று நோட்டீசில் பார்த்ததும் "யாரு வருவாங்க இதுக்கு?" என்று அச்சக அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே பாதிக் காசுக்கு அடித்தும் கொடுத்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. வளர்ச்சிக்கான அறிவியல் தொழில்நுட்பத்துக்கென ஐ.நா.வில் 1992 முதல் ஓர் ஆணையம் இருக்கிறது, 43 நாடுகள் உறுப்பினர்கள், ஜெனீவாவில் கூடுகிறார்கள் என்று நான் ஆரம்பித்ததுமே பாதிப் பேர் போனை எடுத்துவிட்டார்கள்.

காப்பாற்றியது, வியாபாரம் முடித்துக் கூடையோடு வந்த ஆயா. "2004ல ஏன் ஒருத்தரும் நமக்குச் சொல்லலை?" என்று கேட்டார். அதற்கப்புறம்தான் உண்மையான பேச்சு. அந்த டிசம்பர் சுனாமியில், இந்தோனேசியாவின் சுமத்ரா பக்கம் கடலடி நிலம் குலுங்கி, அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பசிபிக் கடலில் நாடுகள் கூடி 1965லேயே எச்சரிக்கை ஏற்பாடு செய்துவிட்டன. இந்தியப் பெருங்கடலில் அப்படி எதுவும் இல்லை. சாவுக்குப் பிறகுதான் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் இந்த நாடுகளை உட்காரவைத்தது. 2007ல் ஐதராபாத்தில், கடல் தகவல் தரும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இப்போது இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் மற்ற நாடுகளுக்கும் சேர்த்தே தகவல் அனுப்புகின்றன.

"2012ல ஓடினோமே, அலை வரலையே?" என்றார் இன்னொருவர். ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயா இரண்டு உள்ளங்கைகளையும் பக்கவாட்டில் உரசிக் காட்டினார். அந்த ஏப்ரல் 11 நிலநடுக்கம் 8.6 அளவு. ஆனாலும் கடல்தரை மேலே எழும்பவில்லை, பக்கவாட்டில்தான் நகர்ந்தது. அதனால் பெரிய அலை கிளம்பவில்லை. ஐயா, நான் பத்து நிமிடம் பேசியும் ஏறாதது உங்கள் கையில் ஏறிவிட்டது.

விசைப்படகு ஓட்டும் அண்ணனுக்குத் தனி நன்றி. "வன்னி, தெண்டின்னு நாங்க நீரோட்டத்துக்குப் பேர் வச்சிருக்கோம். அதையெல்லாம் எந்த நாட்டு மீட்டிங்ல கேக்குறாங்க?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அண்ணே. அடுத்த கூட்டத்தை நீங்கள்தான் ஆரம்பிக்க வேண்டும்.

சுண்டல் கொண்டுவந்த அக்காவின் குண்டான் என் வீட்டில்தான் இருக்கிறது. கழுவி வைத்தாயிற்று.

அன்புடன்,
கூட்டம் போட்டவன், காசிமேடு