தீனி வேணாம், சருகை விட்டுவைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல குளிர்காலத்துல தோட்டத்துப் பறவைங்களுக்கு தீனி வைக்கறது பத்தி ஒரு முழு பக்கம் வந்திருந்துச்சு, போட்டோ எல்லாம் பிரமாதம், ஆனா கொழுப்பு உருண்டை தொங்கவிடுங்க, வேர்க்கடலைய வலைப்பைல போட்டு கட்டுங்கனு எழுதியிருந்தத பாத்ததும் இந்த லெட்டர் எழுதாம இருக்க முடியல. அதெல்லாம் இங்கிலாந்து தோட்டத்துக்கு சரி. நம்ம குரோம்பேட்டைக்கு சரிப்படாது சார், கொழுப்பு உருண்டை மத்தியானத்துக்குள்ள உருகி எறும்புக்குத்தான் போகும்.

என் பொண்ணு இங்கிலாந்துல லீட்ஸ்ல இருக்கா, அவ வீட்டு பின்னாடியும் அந்த உருண்டை ஒண்ணு தொங்குது, வீடியோ கால்ல காட்டுவா. அங்க டிசம்பர்ல பகல் எட்டு மணி நேரம்கூட கிடையாது, தரை உறைஞ்சு கல்லா கெடக்கும். பத்து பதினோரு கிராம் எடைல புளூ டிட்னு ஒரு குருவி, ஒரு ராத்திரி குளிர தாண்டறதுக்குள்ள அதோட எடைல பத்துல ஒரு பங்கு வரைக்கும் கரைஞ்சுடும். விடிஞ்சதும் கொஞ்சம் கொழுப்பு கெடைச்சா அது பொழைச்சுக்கும். இங்க என்ன நெலமை? இருபது டிகிரிக்கு வந்தாலே நம்ம ஆளுங்க மங்கி குல்லாவ தேடறாங்க, அவ்ளோதான் குளிர். பகல் பதினோரு மணி நேரத்துக்கு மேல இருக்கு. ஐப்பசி கார்த்திகை மழைல தரை ஊறிப்போய் எங்க கிளறினாலும் மண்புழு, மழை விட்ட சாயந்திரம் ஈசல் கிளம்புச்சுன்னா கரிச்சான், மைனா, காக்கா எல்லாம் பந்திக்கு முந்தற மாதிரி முந்துதுங்க. நம்ம ஊர் பறவைக்கு மார்கழி பஞ்சகாலமே இல்ல. கஷ்டம்னா அது கத்திரி வெயில்ல, அதுவும் முக்கியமா தண்ணிக்கு.

இத நான் ரொம்ப யோக்கியன் மாதிரி சொல்லல, நானும் ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்லைன்ல நானூறு ரூபாய்க்கு ஒரு ஃபீடர் வாங்கி கம்பு, தினை எல்லாம் ரொப்பி சப்போட்டா மரத்துல மாட்டினவன்தான். சிட்டுக்குருவி வரும்னு ஒரு வாரம் காபி டம்ளரோட உக்காந்திருந்தேன், அணில் வந்துச்சு. அப்புறம் புறா ரெண்டு வந்துச்சு, மாசம் முடியறதுக்குள்ள முப்பது. ஏசி பெட்டி மேல, மோட்டார் மேல, காயப்போட்ட வேட்டி மேல எச்சம். காஞ்ச புறா எச்சத்தூசிய தொடர்ந்து சுவாசிச்சா நுரையீரல் கெட்டுப்போகும்னு டாக்டருங்க சொல்றாங்க, 2025ல மும்பைல கபூதர்கானாக்கள, அதாவது புறாவுக்கு தீனி போடற இடங்கள, மூடச் சொன்னதும் அதனாலதான். எதிர் வீட்டு மாமிக்கு ஆஸ்துமா வேற, அவங்க வாய் தெறந்து ஒண்ணும் சொல்லல, ஜன்னல மட்டும் சாத்தி வச்சுட்டாங்க. ராத்திரி கீழ சிந்தினத திங்க பெருச்சாளி வர ஆரம்பிச்சதும் வீட்டம்மா "குருவிக்கு வச்சீங்களா, இதுக்கு வச்சீங்களா"னு கேட்டா. கழட்டி பரண்ல போட்டுட்டேன். (தினம் நாங்க சாப்பிடறதுக்கு முன்னாடி காக்காவுக்கு அவ ஒரு பிடி சோறு வைக்கறத நான் இதுல சேக்கல, அது வேற கணக்கு.)

இப்ப விஷயத்துக்கு வரேன். போன வருஷம் அக்டோபர்ல ஒரு நாள் காலைல துணி துவைக்கற கல்லு பக்கத்துல ஒரே காக்கா சத்தம். போய் பாத்தா நாலஞ்சு காக்கா நடுவுல ஒரு பறவை, மைனாவ விட சின்னது, முதுகு பச்சை, கண்ணுல மை இழுத்த மாதிரி கருப்பு பட்டை, தோள்ல ஒரு துண்டு நீலம், வாலடில சிவப்பு, வால் மட்டும் யாரோ கத்தரிச்சு விட்ட மாதிரி குட்டை. ஆறுமணிக்குருவி! இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா பக்கமெல்லாம் குஞ்சு பொரிச்சுட்டு குளிர்காலத்துக்கு தெற்க வர்றது, ராத்திரில பறக்கறதால நம்ம ஊர் வரும்போது சிலது களைச்சுப்போய் வீட்டு வாசல்ல விழுந்து கெடக்கும். காக்காவ வெரட்டிட்டு செருப்பு வாங்கின அட்டைப்பெட்டில ஓட்டை போட்டு உள்ள வச்சு மூடி இருட்டா ஒரு மூலைல வச்சோம். வாய்ல தண்ணி ஊத்தாதீங்க, அது மூச்சுக்குழாய்ல போயிடும், பக்கத்து வீட்டு பையன் ஊத்தறதுக்கு ஸ்பூனோட வந்தான், தடுத்துட்டேன். சாயந்திரம் காக்கா அடங்கினப்புறம் பெட்டிய சாய்ச்சு தெறந்தா, குதிச்சு சப்போட்டா மரத்தடிக்கு போயிடுச்சு.

அங்கேயே தங்கிடுச்சு. அந்த மரத்தடில எனக்கு முட்டி வலினு ரெண்டு மாசமா பெருக்காம விட்ட சருகு ஒரு சாண் உயரம். அது பண்றத பாக்கணுமே, ஒரு குதி, ஒரு நிறுத்தம், அலகால ஒரு இலைய தூக்கி பின்னாடி எறியும், அடில பாக்கும், புழு இருந்தா இழுக்கும், இல்லன்னா அடுத்த இலை. சாயந்திரம் ஆறு மணி வாக்குல ரெண்டு விசில், வீட்-டியூ, வீட்-டியூ, அப்புறம் சத்தமே இருக்காது. அந்த சத்தத்த கேட்டுத்தான் வீட்ல வெளக்கு ஏத்துவாங்கங்கற அளவுக்கு பழகிடுச்சு. தவிட்டுக்குருவி கூட்டமும் அதே சருகுலதான் கலாட்டா பண்ணும்.

ஜனவரில போகிக்கு முந்தின நாள் நானே ஆள் வச்சு தோட்டத்த சுத்தமா வழிச்சுட்டேன், சருக கூட்டி காலைல பழைய பாயோட சேத்து கொளுத்தியாச்சு. அன்னிக்கு சாயந்திரம் விசில் இல்ல. மறுநாளும் இல்ல. நாலு நாள் கழிச்சு தெருக்கோடில காலி மனைல இருந்து சத்தம் கேட்டுச்சு, அங்க யாரும் பெருக்கறதில்ல.

2018 போகில புகைல விமானம் எறங்க முடியாம திருப்பி விட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், டயர் எரிக்காதீங்கனு வருஷா வருஷம் சொல்றாங்க, சரிதான், ஆனா சருக யாரும் கணக்குல எடுக்கறதில்ல, இல எரிஞ்சா என்னனு விட்டுடறோம். அதுல இருக்கற பூச்சி புழுவ நம்பித்தான் இந்த மாதிரி பறவைங்க எங்கெங்க இருந்தோ வந்து இங்க தங்கியிருக்குங்க. கடைல வாங்கற தினைய ஆறுமணிக்குருவி தொட்டும் பாக்காது. வாசலையும் நடைபாதையையும் பெருக்கிக்கலாம், மரத்தடில ரெண்டு அடி சுத்தி விட்டா போதும். பாம்பு வரும்னு பயப்படறவங்க செவுத்தோரமா குவிக்காம பரப்பி விடுங்க.

இன்னொண்ணு, தண்ணி வைக்கறவங்க ஆழமில்லாத மண் தட்டுல வச்சு தினம் கொட்டிட்டு மாத்துங்க, கொசுப்புழு பாக்க வர்ற அம்மா என் தட்டுல டார்ச் அடிச்சு பாத்து ஒரு தடவை திட்டிட்டு போனாங்க, அவங்க மேல தப்பு இல்ல.

பொங்கல் நாலு நாளும் பறவை கணக்கெடுப்பு நடக்கும், 2015ல இருந்து நடக்குது, நம்ம வீட்டு மாடில இருந்தே கால் மணி நேரம் பாத்து இ-பேர்ட்ங்கற பறவை கணக்கு வெப்சைட்ல பதியலாம். போகிக்கு சருக கொளுத்திட்டு மறுநாள் எத்தன பறவைனு எண்ணறதுல என்ன இருக்குனு எனக்கு தெரியல. இந்த வருஷமும் ஒண்ணு வந்திருக்கு, அதே பறவையானு சொல்ல முடியாது, மரத்தடி பக்கம் யாரையும் தொடப்பத்தோட விடல. இந்த லெட்டர போடறதா இருந்தா போகிக்கு முன்னாடி போடுங்க சார், அப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
குரோம்பேட்டை, சென்னை - 44