24, 22, 20 என்று சண்டை போடும் டென்னிஸ் மக்களுக்கு

மக்களே,

போன ஞாயிறு சாயங்காலம் வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் நீங்கள் அஞ்சு பேர் போட்ட சத்தத்துக்கு நடுவே, அடுத்த பெஞ்சில் பழம்பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஆள் நான்தான். நாகர்கோவிலில் டென்னிஸுக்காகச் சண்டை போட ஆள் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். தூத்தூர், வள்ளவிளை பக்கம் போனால் ஃபுட்பால், இங்கே கிரிக்கெட். நம்ம ஊர்க் கடையில் டென்னிஸ் பந்து கேட்டால் "எந்த டீமு தம்பி, எத்தனை ஓவர் மேட்ச்?" என்றுதான் கேட்பார்கள்.

ஆனால் நீலச் சட்டை போட்ட தம்பி மேசையைத் தட்டி, "ஜோக்கோவிச் 24, நடால் 22, ஃபெடரர் 20, சோலி முடிஞ்சு" என்றாரே, அதாவது டென்னிஸில் வருஷாவருஷம் நடக்கும் நாலு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாமை யார் அதிகம் ஜெயித்தாரோ அவரே பெரியவர் என்று முடித்துவிட்டாரே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அங்கேயே பதில் சொல்லியிருப்பேன், அதற்குள் திட்டுவிளை பஸ் வந்துவிட்டது. அதனால் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் ஃபெடரர் ஆள். 2008 ஜூலை 6 விம்பிள்டன் ஃபைனல் அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை, லண்டனிலும் மழை. நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், நாலாவது செட் 6-6 ஆகி அதை முடிக்க ஆடும் டைபிரேக்கில், நடாலுக்கு சாம்பியன்ஷிப் பாயின்ட், அதாவது இன்னும் ஒரு பாயின்ட் எடுத்தால் கோப்பை என்று இருக்கும்போது கரண்ட் போனது. அந்தப் பாயின்ட்டைக் காப்பாற்ற ஃபெடரர் கோட்டை ஒட்டி அடித்த பேக்ஹேண்டை, ரசிகன் என்று சொல்லிக்கொள்ளும் நான் மறுநாள்தான் பார்த்தேன். கரண்ட் வந்தபோது அஞ்சாவது செட். கடைசியில் 9-7, நடால் ஜெயித்தார். மணி ஒன்றே முக்கால். அதற்கப்புறம் தூக்கம் எங்கே வரும்? இந்த இரவை உங்கள் கணக்கில் எழுதினால் நடாலுக்கு ஒன்று, ஃபெடரருக்குச் சுழி, அவ்வளவுதான்.

சரி, கணக்கென்றே வைத்துக்கொள்வோம், முழுசாகப் போடுங்கள். ராட் லேவருக்கு உங்கள் கணக்கில் 11. 1962இல் நாலு கிராண்ட்ஸ்லாமையும் ஒரே வருஷத்தில் ஜெயித்துவிட்டுப் பணத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரராகப் போனார், அந்தக் குற்றத்துக்காக 1963 முதல் 1967 வரை அஞ்சு வருஷம் ஒரு கிராண்ட்ஸ்லாமிலும் அவரைச் சேர்க்கவில்லை. 1968இல் கதவு திறந்தது, 1969இல் மறுபடியும் நாலையும் ஜெயித்தார். நடுவில் போன அஞ்சு வருஷத்துக்கு எத்தனை போடுவீர்கள்? பியான் போர்க்குக்கும் 11தான், ஆனால் மனுஷன் ஆஸ்திரேலியாவில் நடக்கும் கிராண்ட்ஸ்லாமுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறார். அந்தக் காலத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் பலரும் அவ்வளவு தூரம் போக மெனக்கெட மாட்டார்கள். கிராண்ட்ஸ்லாம் எத்தனை என்று எண்ணிக்கொண்டு யாரும் அப்போது ஆடவில்லை, மக்களே.

மோனிகா செலஸ் கதை இன்னும் மோசம். 1993 ஏப்ரல் 30, ஹாம்பர்க்கில் ஆட்ட இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முதுகில் ஒருவன் கத்தியால் குத்தினான். செலஸுக்கு வயசு 19, அதற்குள் 8 கிராண்ட்ஸ்லாம். குத்தியவன் ஸ்டெபி கிராஃபின் ரசிகன், அவர் மறுபடி நம்பர் ஒன் ஆக வேண்டுமாம். ஸ்டெபி என்ன செய்வார் பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவருடைய 22இல் 11 அந்த நாளுக்கு முன்னால், 11 பின்னால். செலஸ் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆடவே இல்லை, திரும்பி வந்து ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தார். 22 பெருசா 9 பெருசா என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த நாற்காலிதான் ஞாபகம் வரும்.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். ராமநாதன் கிருஷ்ணன் யார் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1937இல், இந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்தபோது, இதே நாகர்கோவிலில் பிறந்தவர். 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், ஆசியாவிலிருந்து அதை ஜெயித்த முதல் பையன். 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் செமி ஃபைனல். 61இல் காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்டில் அனுப்பினார், அந்த எமர்சன்தான் மொத்தம் 12 கிராண்ட்ஸ்லாம் எடுத்தவர். செமியில் தோற்றது ஒரு வருஷம் நீல் ஃப்ரேசரிடம், அடுத்த வருஷம் ராட் லேவரிடம், இரண்டு பேரும் அந்தந்த வருஷம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். 1966இல் கல்கத்தாவில் பிரேசிலோடு, நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கப் போட்டி, கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோக்கிடம் இரண்டு செட் இழந்து, நாலாவது செட்டில் 2-5 என்று பின்தங்கி, அங்கிருந்து திரும்பி வந்து ஜெயித்துத்தான் இந்தியாவை முதன்முதலாக ஃபைனலுக்குக் கொண்டுபோனார். உங்கள் கணக்கில் இவருக்கு எத்தனை? சுழி.

அப்புறம் 1974. விஜய், ஆனந்த் அமிர்தராஜ் அண்ணன் தம்பி நல்ல ஆட்டத்தில் இருந்த வருஷம், இந்தியா மறுபடி டேவிஸ் கப் ஃபைனல். எதிரே தென்னாப்பிரிக்கா. அங்கே இருந்த நிறவெறி ஆட்சிக்கு எதிராக இந்தியா ஆடவே மறுத்துவிட்டது, கப் அவர்களுக்குப் போய்விட்டது. டேவிஸ் கப்பை இந்தியா இன்றுவரை ஜெயித்ததில்லை. எனக்கு அந்த ஆடாத ஃபைனல் பற்றித்தான் வாய் ஓயாமல் பேசத் தோன்றும், வீட்டில் காது கொடுக்க ஆளில்லை.

ஜோக்கோவிச்சைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 37 வயசில் பாரிஸ் ஒலிம்பிக் தங்கத்துக்காக அல்கராஸோடு ஆடி, ஜெயித்ததும் அந்த மனுஷன் அழுததைப் பார்த்து நானும் கண்ணைத் துடைத்தேன், ஃபெடரர் ஆளாக இருந்தும்.

வருகிற ஞாயிறு அதே பெஞ்சில் இருப்பேன், பஸ் போனாலும் பரவாயில்லை, டீயும் பழம்பஜ்ஜியும் என் கணக்கு. நீலச் சட்டைத் தம்பியிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள். 2019 விம்பிள்டன் ஃபைனலில் ஃபெடரர் எடுத்த பாயின்ட் 218, ஜோக்கோவிச் எடுத்தது 204, கோப்பை ஜோக்கோவிச்சுக்கு. எண்ணிக்கைதான் எல்லாம் என்கிறவர், இதற்கு ஒரு பதிலை யோசித்துக்கொண்டே வரட்டும்.

இப்படிக்கு,
அடுத்த பெஞ்சு ஆள்