அவர் கார்கிலுக்குப் போகவில்லை, குல்னாவுக்குப் போனார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில், கீழ் மூலையில், முன்னாள் ராணுவ வீரர் காலமானார் என்று நான்கு வரிச் செய்தி வந்திருந்தது. எங்கள் ஊர்க்காரர்தான். நீடாமங்கலம் பக்கம் வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது ஊர். செய்தி போட்டதற்கு முதலில் நன்றி, எங்கள் ஊர்ப் பெயர் பேப்பரில் வருவதே கரை உடைப்பெடுத்தால்தான். ஆனால் அந்த நான்கு வரியில் ஒரு வரி தப்பு. கார்கில் போரில் பங்கேற்றவர் என்று போட்டிருக்கிறீர்கள். கார்கில் சண்டை நடந்தது 1999-ல். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது, பட்டாளத்தை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெரியம்மாவுக்கு, அதாவது அவர் மனைவிக்கு, செய்தியை நான்தான் படித்துக் காட்டினேன். அழுதுகொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்து, "கார்கிலா? அந்தக் கோடை முழுக்க பம்புசெட்டு மோட்டாரைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டுல்ல உக்காந்திருந்தாரு" என்றார்.

அவர் போனது 1971 டிசம்பர் சண்டைக்கு, கிழக்கு வங்காளத்துக்கு. இப்போது அது பங்களாதேஷ்.

ஊர்முறைக்கு எனக்குப் பெரியப்பா. ஊருக்கு அவர் பட்டாளத்தார், வீடு பட்டாளத்தார் வீடு. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகிற ஊர் இல்லை எங்களுடையது. ஆற்றில் தண்ணீர் வந்தால் குறுவை, பிறகு தாளடி, இல்லாவிட்டால் சம்பா என்று கிடப்பவர்கள் நாங்கள். சீனச் சண்டைக்கு அடுத்த வருஷம், 1963-ல், வீட்டில் சொல்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறார். மெட்ராஸ் ரெஜிமெண்ட். நீலகிரி வெலிங்டனில் பயிற்சி. அங்கே பட்ட குளிர் உடம்பை விட்டுப் போகவே இல்லை என்று சொல்லி, மார்கழியில் அந்தப் பச்சைக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வயலுக்குப் போவார். கீழே நாலு முழ வேட்டி, மேலே கோட்டு. பார்க்கிற பிள்ளைகள் சிரிக்கும்.

சண்டையைப் பற்றி அவராகப் பேச மாட்டார். கேட்டால் கொஞ்சம் சொல்வார், அதுவும் சுட்டது, செத்தது எல்லாம் கிடையாது, வயலைப் பற்றித்தான் சொல்வார். ஜெசூர் தாண்டி குல்னா பக்கம் போகப் போக எல்லாமே நம்ம ஊர் மாதிரி இருந்ததாம். ஆறு, வாய்க்கால், மதகு, மூங்கில் கொல்லை, அறுப்புக்கு நிற்கிற நெல். மற்ற ஆட்கள் வரப்பில் வழுக்கி வழுக்கி விழ இவர் மட்டும் நடந்தாராம் (கேரளத்து வயல்காடான குட்டநாட்டுக்காரர் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை போலிருக்கிறது, இருந்திருந்தால் இந்தப் பெருமையைச் சொல்லியிருக்க முடியாது). ஆனால் அந்த வரப்பில்தான் கண்ணிவெடி. "பொறந்ததுலேர்ந்து நடந்த வரப்புடா, அன்னிக்குத்தான் பயந்து நடந்தேன்" என்பார். ஊரிலும் கையில் ஒரு கம்போடு முன்னால் தட்டித் தட்டித்தான் நடப்பார். பாம்புக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கேட்டால் அவரும் பாம்புக்குத்தான் என்பார்.

இன்னொன்றையும் அடிக்கடி சொல்வார். டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது டிசம்பர் 16-ம் தேதி, அது எல்லோருக்கும் தெரியும். குல்னாவில் இருந்த பாகிஸ்தான் படை மறுநாள்தான் ஆயுதத்தைக் கீழே வைத்தது. "நீங்க 16-ம் தேதி மிட்டாய் கொடுக்குறீங்க, எங்களுக்கு 17" என்பார். சரணடைந்த அன்று ஒரு கிழவி பொரியும் வெல்லமும் கொண்டுவந்து கையில் திணித்ததாம். இவருக்கு வங்காளம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. சரஸ்வதி பூஜைக்குப் பொரி வாங்கினால் இந்தக் கதை வரும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சண்டைக்குக் கிடைத்த பூர்வி ஸ்டார் பதக்கத்தைப் பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். நீங்கள் போட்ட போட்டோவில் சட்டையில் தெரிகிறதே, அதுதான். அதைப் பார்த்துத்தான் உங்கள் நிருபர் ஏதோ ஒரு போர் என்று எழுதிவிட்டார் போல. அவரைக் குறை சொல்லவில்லை, துக்க வீட்டில் யாரோ சொன்னதைத்தானே எழுதியிருப்பார்.

1978-ல் ஊருக்கு வந்தவர் அப்புறம் விவசாயம்தான். சேற்றில் டிராக்டர் மாட்டிக்கொண்டால் பின்னால் நின்று "வீர மதராசி" என்று கத்துவார், நாங்கள் "அடி கொல்லு, அடி கொல்லு" என்று கத்திக்கொண்டே தள்ளுவோம். அது அவர்கள் ரெஜிமெண்டின் போர் முழக்கம் என்று எனக்குத் தெரியவே பத்து வருஷம் ஆயிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் காலை, கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோடு முழுக்கத் தென்னையும் புளியும் விழுந்து கிடந்தது. எழுபத்து நான்கு வயதில் ரம்பத்தோடு முதலில் இறங்கியவர் அவர். அன்றைக்கும் அதே சத்தம்தான்.

அவர் ஊருக்குச் செய்த பெரிய வேலை வேறு. சுற்று வட்டாரத்தில் பட்டாளத்துக்குப் போய் வந்தவர் யார் செத்தாலும் மறுவாரம் ரெக்சின் பையோடு அந்த வீட்டுக்குப் போய்விடுவார். குடும்ப பென்ஷனுக்கு மனு எழுத. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி பெயர் ஒரு மாதிரி இருக்கும், ஆதாரில் ஒரு மாதிரி இருக்கும், பிபிஓ என்கிற பென்ஷன் உத்தரவில் வேறு மாதிரி. அந்தக் காலத்தில் நம்ம ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதி வைத்திருப்பார்கள். பாதி ஊரில் அஞ்சலையும் அஞ்சம்மாளும் ஒரே ஆள்தான் என்று அத்தாட்சி வாங்கி அனுப்பியதே இவர்தான். நவம்பர் வந்தால் உயிர்வாழ் சான்று. விரல் ரேகை தேய்ந்து மெஷினில் விழாத கிழவர்களைக் கூட்டிக்கொண்டு அலைவார். ஒருமுறை அவர் விரலே விழவில்லை. கவுண்டரில் இருந்த பையன் "உயிரோட இருக்கீங்கன்னு நிரூபிக்கணும் சார்" என்றதற்கு, "குல்னாவுலயே செத்திருந்தா இந்தத் தொல்லை இல்லை தம்பி" என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டார்.

இப்படிப்பட்டவர் தன் வீட்டுப் புத்தகத்தைப் பார்க்கவில்லை, ஐயா. காரியம் முடிந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தால், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பெரியம்மா பெயரில் நடுவில் ஒரு எழுத்து வேறு, பிறந்த வருஷமும் வேறு. இனி நான்தான் அந்த ரெக்சின் பையைத் தூக்க வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் முன்னாள் ராணுவத்தார் யாராவது இருந்தால், அவர் இருக்கும்போதே, அவர் கையெழுத்துப் போட முடிகிறபோதே, மனைவி பெயர் எல்லாத் தாளிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப் போடாதீர்கள், சாவைப் பேசுகிற மாதிரி இருக்கும், இருந்தாலும் பரவாயில்லை.

அடக்கத்தன்று எங்கள் ஊர்ப் பையன்கள் கடையில் தேசியக் கொடி வாங்கி வந்து போர்த்தப் போனார்கள். மன்னார்குடியிலிருந்து வந்திருந்த நான்கு பழைய பட்டாளத்துக்காரர்கள் தடுத்துவிட்டார்கள். அரசு மரியாதை, ராணுவ மரியாதை என்றால்தான் கொடி போர்த்தலாம், போர்த்தினாலும் சிதையில் வைக்கக் கூடாது, அதுதான் விதி, அவரே இருந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார் என்றார்கள். பையன்களுக்கு முகம் வாடிவிட்டது. பெரியம்மா உள்ளே போய் அந்தப் பச்சைக் கோட்டை எடுத்து வந்தார். அதைத்தான் போர்த்தினோம். நான்கு பேரும் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள், ஒருவருக்குக் கை முழுசாகத் தூக்க வரவில்லை.

திருத்தம் பெரிதாகப் போட வேண்டாம். அதே பக்கம், அதே மூலை போதும். கார்கில் என்று இருப்பதை 1971 வங்காளதேசப் போர் என்று மாற்றினால் சரி, பெரியம்மா வெட்டி டிரங்குப் பெட்டியில் வைக்க வேண்டும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டுவிடாதீர்கள், அன்றைக்கு எங்கள் ஊருக்கு வருகிற பேப்பர் டீக்கடையிலேயே கிழிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
நீடாமங்கலம் வட்டம்