யார் ஓட்டு யாருக்கு: கணக்கோடு எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

ஒபாமாவுக்குக் கறுப்பின மக்கள் திரண்டதை நிறப் பாசம் என்று ஒரே வரியில் முடிப்பதும், வேலூர்த் தொகுதியில் 'இந்தச் சமூகத்து ஓட்டு மொத்தமும் அங்கேதான்' என்று அடித்துச் சொல்வதும் ஒரே தவறுதான்.

எக்ஸிட் போல் (ஓட்டுப் போட்டு வெளியே வருவோரிடம் கேட்டு எடுப்பது) கணக்குப்படி 2004இல் ஒபாமாவின் அதே ஜனநாயகக் கட்சி நிறுத்திய வெள்ளையரான ஜான் கெர்ரிக்கே கறுப்பின ஓட்டில் 88 சதவீதம் கிடைத்தது. 2008இல் ஒபாமாவுக்கு 95. கூடிய 7 புள்ளியையும் நிறத்துக்கே எழுதினாலும் மீதி கட்சியின் பழைய ஓட்டு. வெள்ளையரிடமும் கெர்ரிக்கு 41, ஒபாமாவுக்கு 43. உற்சாகம் தெரிவது வாக்குப்பதிவில்தான். 2004இல் கறுப்பினத்தாரில் சுமார் 60 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். 2012இல் 66ஐத் தாண்டி வெள்ளையரை முந்தினார்கள். ஒபாமா நிற்காத 2016இல் மறுபடி 60க்குக் கீழே. (இந்த வாக்குப்பதிவுக் கணக்கும் மக்களிடம் கேட்டு எடுப்பதுதான். போடாதவரும் 'போட்டேன்' என்பார். அளவு சற்றுக் கூடுதலாக இருக்கும், ஏற்ற இறக்கத்தை நம்பலாம்.)

நம்மூருக்கு வருவோம். 2019 ஆகஸ்ட் 5இல் நடந்த வேலூர் மக்களவைத் தேர்தலில் வித்தியாசம் 8,141 ஓட்டு. அதைத் தொகுதிக்குள் வரும் வாணியம்பாடி, ஆம்பூர் என்று சொல்லி ஒரு சமூகத்தின் கணக்கில் எழுதும் பேச்சு டீக்கடைகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கையில் இருப்பதோ தேர்தல் ஆணையத்தின் முடிவுத் தாளான படிவம் 20: சாவடிவாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு, அவ்வளவுதான். ஒரு சாவடியில் 1,000 ஓட்டுப் பதிவு, அதில் ஒரு சமூகத்தார் 600 பேர், கட்சிக்கு 550 என்று வையுங்கள். அந்த 550ம் அவர்கள் போட்டதாக இருக்கலாம். மற்ற 400 பேரும் அதே கட்சிக்குப் போட்டிருந்தால் இவர்கள் போட்டது வெறும் 150. இரண்டுக்கும் நடுவே எதுவும் நடந்திருக்கலாம். அந்த 600ம் ஊகம்தான். வாக்காளர் பட்டியலில் பெயரைப் பார்த்து மதத்தை ஓரளவு சொல்லலாம், சாதியைச் சொல்ல முடியாது. பெங்களூரில் வேலைக்குப் போனவர் பெயரும் அதில் இருக்கும். வேலூர்க் கோட்டை மைதானத்துப் பிரசாரக் கூட்டத்தை வைத்துச் சொல்வது இதைவிட மோசம், வேனில் வந்தவர் எந்தத் தொகுதியோ!

பதிவான 1,000 ஓட்டில் ஒரே சமூகத்தார் 900 பேர் போட்ட சாவடியில் கட்சிக்கு 800 விழுந்திருந்தால் அவர்கள் போட்டது 700 முதல் 800 வரை என்று நெருங்கிச் சொல்லலாம். அத்தகைய சாவடிகளை மட்டும் எடுத்து, முந்தைய தேர்தலில் அதே கட்சியின் வேறொரு வேட்பாளருக்கு விழுந்ததோடு ஒப்பிட்டு வெளியிடுங்கள். சாவடி எண் மாறியிருக்கும். தெருப் பெயர்களை வைத்துப் பொருத்துங்கள்.

– வாசகர், காட்பாடி