வண்டி கிளம்பிவிட்டது, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அப்பாவுடைய பத்மினி கார் கப்பலூரிலிருந்து லாரியில் ஏறிப் புனேவுக்குக் கிளம்பிவிட்டது. போன் பண்ணினபோது நீ மீட்டிங்கில் இருந்தாய், பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதியே அனுப்புகிறேன். வண்டியை இறக்கும் அன்று இந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொள். வந்து சேர எட்டு முதல் பத்து நாள் ஆகும் என்கிறார்கள்.

நீயும் மாப்பிள்ளையும் வந்து ஓட்டிக்கொண்டே போகிறோம் என்றீர்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. செல்லூர் மெக்கானிக்தான் வேண்டவே வேண்டாம் என்றார். திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், ஓசூர் என்று பெங்களூர் போய், அங்கிருந்து ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சாத்தாரா. மொத்தம் 1,200 கிலோமீட்டருக்கு மேல். "இன்ஜின் தாங்கும்மா. இத்தனை வருஷமா திருநகருக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் மட்டும் போய் வந்த ரேடியேட்டர் தாங்காது. நடுவழியில ஒரு ஹோஸ் போச்சுன்னா பத்மினி ஹோஸுக்கு எங்க போவீங்க?" என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். 1984இல் வண்டி நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதைத் தொட்ட கை அது.

இதற்கு முன்னால் ஒரு தப்புப் பண்ணினேன். உன்னிடம் சொல்லவில்லை. மற்றவர்கள் எல்லாரும் பதினெட்டு, இருபது ஆயிரம் சொன்னபோது ஒரு கம்பெனிக்காரர் 11,000 ரூபாய் என்றார். மூடிய கண்டெய்னரில்தான் போகும் என்று வாயால் சொன்னதை நம்பி 3,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன். வந்து நின்றது திறந்த பாடி லாரி. பாதிக்கு டைல்ஸ் பெட்டி ஏற்றியிருந்தார்கள். ஏற்றுவதற்கு இரண்டு பலகை, கட்டுவதற்குத் தேங்காய் நார்க்கயிறு. ஒரு பையன் குனிந்து பார்த்துவிட்டு, "பம்பர்ல போட்டு இறுக்கிடலாம்" என்றான். அந்த பம்பரை உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைப்பார், துடைத்த துணியைத் தனியாக அலசிக் காயப்போடுவார். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். ஏற்ற வேண்டாம், திரும்பிப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். 3,000 திரும்பி வரவில்லை. போனது போகட்டும்.

அப்புறம்தான் நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் உன் பெரியப்பா மகனைக் கூப்பிட்டேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். லாரியே இல்லாமல் ஒரு போனும் விசிட்டிங் கார்டும் வைத்துக்கொண்டு புக்கிங் எடுக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்களாம். வண்டி கைக்குப் போனதும் இன்னும் ஐயாயிரம் கொடு, பத்தாயிரம் கொடு என்று நடுவழியில் நிறுத்தி வைப்பதும் உண்டாம். "சித்தி, சொந்தமா கார் ஏத்துற கேரியர் லாரி இருக்கா, பெங்களூர்ல இறக்கி வேற வண்டியில மாத்துவாங்களா, இந்த ரெண்டையும் கேளுங்க. பதில் எழுத்துல வரணும்" என்றான். ஒவ்வொரு தடவை இறக்கி ஏற்றும்போதும்தான் கதவும் கண்ணாடியும் அடிபடுகிறதாம். ஜிஎஸ்டி எண்ணை வாங்கி அவனே நெட்டில் போட்டுப் பார்த்தான். இப்போது அனுப்பியிருக்கும் கம்பெனிக்கு 19,500 ரூபாய், மூடிய கேரியர், நடுவில் மாற்றுவது கிடையாது.

இனி சொல்வதை நன்றாகக் கவனி, எனக்கே புதிதாக இருந்தது. லாரிக்காரர்கள் கொடுக்கும் ரசீதை எல்.ஆர். என்கிறார்கள். அதில் ஓனர் ரிஸ்க், அதாவது சேதம் வந்தால் சொந்தக்காரர் பாடு, என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். 2007ஆம் வருடத்துச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும் என்ன சொல்கின்றன என்றால், கூடுதல் ரிஸ்க் கட்டணம் கொடுத்து எழுதிக்கொள்ளாவிட்டால், சேதத்துக்கு அவர்கள் பொறுப்பு வாடகையில் பத்து மடங்கு வரைதான். நம் கணக்கில் 1,95,000. அப்பாவின் வண்டிக்கு மெக்கானிக் போட்ட மதிப்பு 4 லட்சம். நம் இன்சூரன்ஸ் வெறும் தேர்ட் பார்ட்டி, அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும்தான். முழு பாலிசி இருந்திருந்தால் லாரியில் போகும்போது நேரும் சேதமும் அதில் சேர்ந்திருக்கும். இல்லாததால் தனியாக டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுத்தேன். 2 சதவீதம், 8,000 ரூபாய். "இன்சூரன்ஸ் எல்லாம் இதிலேயே சேர்த்தி மேடம்" என்று சொன்னவர்களை நான் விடவில்லை. நம் வண்டி நம்பரும் 4 லட்சமும் போட்ட பாலிசி கைக்கு வந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். எல்.ஆரையும் பாலிசியையும் உனக்கு வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாண்டி கோயிலுக்கு வண்டியைக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தோம். நேற்று அந்தக் கேரியர் நம் தெருவுக்குள் திரும்பாது என்பதால் நாங்களே கப்பலூருக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்பது வருடம் நான் உட்கார்ந்த இடம். அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம்.

கேரியர் டிரைவர் சின்னப் பையன். ஸ்டியரிங் பக்கத்தில் கியர் இருக்கும் வண்டியை அவன் ஓட்டியதே இல்லை. அதனால் மெக்கானிக்கே ஏற்றினார். சரிவுப்பலகையில் முன்சக்கரம் ஏறியதும் அடியில் சைலன்சர் குழாய் உரசப் பார்த்தது. உடனே நிறுத்தி, கீழே இன்னும் இரண்டு கட்டை போட்டுச் சரிவைக் குறைத்தார்கள். இரண்டு விரல் இடைவெளியில் மேலே போனது. பெல்ட்டை டயரைச் சுற்றித்தான் போட வேண்டும், ஆக்சிலில் போடக்கூடாது என்று பெரியப்பா மகன் சொல்லியிருந்தான். அவர்களும் அப்படித்தான் போட்டார்கள். நான்கு டயரையும் நானே ஏறிப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி நாலு பக்கமும், மீட்டரும், அடிப்பக்கமும் சேர்த்து 42 போட்டோ எடுத்திருக்கிறான். இருக்கிற கீறல் எல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் தாளில் எழுதியாகிவிட்டது. இடது பின்கதவில் நான்கு அங்குலக் கோடு ஒன்று எழுதியிருக்கும். நீ மூன்றாவது படிக்கும்போது சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடினாயே, அது. பெயின்ட் அடிக்க அப்பா கடைசி வரை சம்மதிக்கவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது. இருட்டில் வந்தால் இறக்க விடாதே. காலையில் வரச் சொல். வண்டியில் புழுதி அப்பியிருக்கும், அதற்கடியில் கீறல் தெரியாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, போட்டோவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. புதிதாக ஏதாவது இருந்தால் டெலிவரி தாளிலேயே எழுது, வாயால் சொல்லிவிட்டு விட்டுவிடாதே. அன்றைக்கே கம்பெனிக்கும் இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் அனுப்பு. கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தால், புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். பாக்கி 6,000 ரூபாயைப் பேங்க் மூலமாக மட்டும் அனுப்பு. கூலி, டோல் என்று தனியாக எதுவும் கிடையாது, எழுதி வாங்கியிருக்கிறேன்.

இறக்குவதற்கு ஸ்டியரிங் கியர் தெரிந்த ஆள் வேண்டும். அந்தப் பக்கம் கிடைப்பார்கள். பம்பாயில் 2023 அக்டோபர் வரை பத்மினி டாக்சி ஓடியிருக்கிறது. நம் வண்டியும் அங்கே குர்லாவில் செய்ததுதான், அப்பா அடிக்கடி சொல்வார். பழைய டாக்சி மெக்கானிக் ஒருவரை இப்போதே விசாரித்து வை.

பெட்ரோல் ஐந்து லிட்டர்தான் விட்டிருக்கிறேன். பேட்டரி ஒயர் கழற்றியிருக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, ஒரு ஸ்பேனர் தவிர எதுவும் இல்லை. வழியில் டோல் பிடித்துவிடக்கூடாது என்று ஃபாஸ்டேக் மேல் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டியிருக்கிறேன், எடுத்துவிடு. ஆர்.சி. புத்தகம், வாரிசு பேருக்கு மாற்றும் ஃபாரம் 31 கொடுத்து, என் பேருக்கு மாறிவிட்டது. வெளிமாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே நம்பர் மாற்ற வேண்டும். அதற்கு வேண்டிய என்.ஓ.சி.க்கு, அதாவது தடையில்லாச் சான்றுக்கு, இங்கே ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரிஜினல் எதையும் வண்டியில் வைக்கவில்லை.

டேஷ்போர்டில் இருந்த மீனாட்சி படத்தையும் எடுத்துவிட்டேன். வண்டிக்குள் வைக்கும் சாமானுக்கு இன்சூரன்ஸ் கிடையாதாம். படம், ஒரிஜினல் பேப்பர், இரண்டாவது சாவி மூன்றையும் தை மாதம் வரும்போது நானே கொண்டுவருகிறேன்.

காலையில் முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது சோக்கை முழுதாக இழு. பிடித்துவிட்டால் பாதி உள்ளே தள்ளி, இரண்டு நிமிடம் அப்படியே விடு. சத்தம் சீராக வந்த பிறகு எனக்குப் போன் பண்ணு, போனை பானெட் பக்கம் கொஞ்சம் காட்டு.

அன்புடன்,
அம்மா
திருநகர், மதுரை