ஓநாய்களை விடுங்கள், தொட்டில்களைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனிதரோடு பழகித்தான் குழந்தை மனிதனாகிறது என்று உங்கள் சென்ற இதழ்க் கட்டுரை சொன்ன முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்குக் கொண்டுவந்து நிறுத்திய சாட்சியோடுதான் சண்டை. வங்காளத்தின் மிட்னாபூர் காட்டில் ஓநாய்கள் வளர்த்ததாகச் சொல்லப்படும் கமலா, அமலா கதையை நடந்த வரலாறாகவே அச்சிட்டிருக்கிறீர்கள். பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தைகளோடு கழித்த செவிலியர் நான். அந்தப் பகுதிக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1920-இல் அச்சிறுமிகளை ஓநாய்க் குகையிலிருந்து மீட்டதாகச் சொன்னவர், மிட்னாபூரில் அனாதை இல்லம் நடத்திய பாதிரியார் ஜே. ஏ. எல். சிங். அமலா மறு ஆண்டிலும் கமலா 1929-லும் இறந்துபோனார்கள். சிங்கின் நாட்குறிப்பு 1942-இல்தான் நூலாக வந்தது. இருட்டில் அவர்களுடைய கண்கள் நீலமாக ஒளிவிட்டன என்றுகூட அதில் இருக்கிறது. மிருகங்களின் கண்ணில் அப்படி ஒளியைத் திருப்பும் படலம் மனிதக் கண்ணில் கிடையாது. யார் வளர்த்தாலும் அது முளைக்காது. பிற்பாடு அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் ஆக்பர்னும் நம் நாட்டு மானுடவியலாளர் நிர்மல் குமார் போஸும் விசாரித்துப் பார்த்தார்கள். ஓநாய்க் குகையை உறுதிசெய்யும் சாட்சியம் அகப்படவில்லை. அந்த நாட்குறிப்பே கமலா இறந்து பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது என்றும், படங்கள் வேறு சிறுமிகளை வைத்து எடுக்கப்பட்டவை என்றும் 2007-இல் பிரெஞ்சு மருத்துவர் செர்ஜ் அரோல்ஸ் ஆவணங்களைக் கொண்டு வாதிட்டார். ஏதோ குறைபாட்டோடு பிறந்து, பெற்றவர்களால் கைவிடப்பட்ட பிள்ளைகளாகவே அவர்கள் இருந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். நூறு ஆண்டுகளாக அவர்களை விலங்குகளாக வர்ணித்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு ஆறவே இல்லை.

இந்தக் கதை செய்யும் பெரிய தீங்கு வேறொன்று. மனித உறவு கிடைக்காத குழந்தை என்றால் காட்டில் இருக்கும் என்று நம்மை எண்ணவைத்துவிடுகிறது. உண்மையில் அந்தக் குழந்தை கூரையும் கட்டிலும் உள்ள கட்டடத்துக்குள், வேளாவேளைக்குப் பால் குடித்துக்கொண்டு இருக்கலாம்.

ருமேனியாவில் அதுதான் நடந்தது. மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்று 1966-இல் சௌசெஸ்குவின் அரசு கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க வழியில்லாதவர்கள் பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டார்கள். 1989 டிசம்பரில் அந்த ஆட்சி கவிழ்ந்தபோது இல்லங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். ஒரு பணியாளரிடம் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். ஷிப்ட் மாறினால் முகமும் மாறும். அழுதாலும் யாரும் வரப்போவதில்லை என்று கண்டுகொண்ட குழந்தைகள் அழுவதையே விட்டுவிட்டன. தொட்டில்கள் நிறைந்த கூடத்தில் சத்தமே இல்லாதது உள்ளே போனவர்களைத் திடுக்கிட வைத்தது.

2000-ஆம் ஆண்டு சார்லஸ் நெல்சன், சார்லஸ் சீனா, நேதன் ஃபாக்ஸ் என்னும் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் தலைநகர் புகாரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். இல்லங்களில் இருந்த, ஆறு மாதம் முதல் இரண்டரை வயது வரையிலான 136 குழந்தைகளில் 68 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். இல்லத்திலேயே விடப்பட்ட மற்ற 68 பேரை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆனால் அப்போது அந்த ஊரில் வளர்ப்புக் குடும்பங்களே அரிது, ஆய்வாளர்கள்தாம் தேடித் திரட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பத்துக்குப் போக வேறு வாய்ப்பு வந்த குழந்தைகளை அவர்கள் தடுக்கவும் இல்லை. நாலரை வயதில் அளந்தபோது இல்லத்துக் குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 73. வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்களுக்கு 81. பெற்றோரிடமே வளர்ந்த அவ்வூர்க் குழந்தைகளுக்கு 109. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். ருமேனிய இல்லங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப் போன குழந்தைகளை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழுவினர் தொடர்ந்து கவனித்ததில், ஆறு மாதத்துக்குள் குடும்பம் கிடைத்தவர்கள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள்.

எண்களைவிட என்னை உலுக்கியது வேறொரு கண்டுபிடிப்பு. அந்த இல்லங்களின் குழந்தைகளில் பலர், முன்பின் அறியாத ஆள் கையை நீட்டினாலும் தயங்காமல் கூடவே போய்விடுவார்கள். நம் ஊரில் இதைப் பாராட்டுவார்கள். தத்து மையத்துக்கு வருகிறவர்கள், "யார் கூப்பிட்டாலும் வருகிறதே, எவ்வளவு நல்ல குழந்தை!" என்று உச்சிமுகர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏழெட்டு மாதத்தில் குழந்தை வேற்றுமுகம் பார்க்க வேண்டும். புதியவரைக் கண்டதும் ஆயாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட வேண்டும். தனக்கென்று ஒருவர் இருக்கிறார், அவருக்கு உரிய ஆள் தான் என்று அதற்குத் தெரிந்துவிட்டது என்பதே அதன் பொருள். 'நான்' என்னும் உணர்வுக்கு அங்கேதான் அடி போடப்படுகிறது. அழுதால் ஒருவர் வருகிறார், சிரித்தால் அவரும் சிரிக்கிறார், மழலைக்கு மழலையாலேயே பதில் சொல்கிறார். இப்படி ஆயிரம் முறை நடந்த பிறகுதான், ஒன்றரை வயதளவில், கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று குழந்தை கண்டுகொள்கிறது.

நான் வேலை பார்த்த மையத்தில் இன்ன குழந்தைக்கு இன்ன ஆயா என்று பிரித்து வைத்திருந்தோம். பாலூட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் கூடியவரை அந்த ஒருவர் கையால்தான். வருகையாளர் கையில் குழந்தையைக் கொடுத்துப் படம் எடுக்க விடமாட்டோம். பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போட வருகிறவர்களுக்கு இது வருத்தமாக இருக்கும். அவர்களுடைய நல்ல மனத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் கைக்குழந்தைக்கு வாரம் பத்துப் புதிய முகங்கள் வேண்டியதில்லை. இல்லத்துக்கு உதவ நினைப்பவர்கள் இன்னொரு ஆயாவின் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

எவ்வளவு நல்ல மையமானாலும் அது குடும்பம் ஆகாது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டபோது, பெண்சிசுக்களின் உயிரைக் காப்பதே முதல் கவலையாக இருந்தது. அது நியாயம். உயிர் பிழைத்த குழந்தை எத்தனை மாதம் தொட்டிலிலேயே காத்திருக்கிறது என்பது இப்போதாவது நம் கவலையாக வேண்டும். கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்கு உட்பட்டதானால், தன் முன் கொண்டுவரப்பட்ட இரண்டு மாதத்துக்குள் குழந்தைகள் நலக் குழு அதைத் தத்துக்கு உரியதாக அறிவிக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. காவல்துறை அறிக்கை வரவில்லை, குழுவில் உறுப்பினர் இடம் காலி என்றெல்லாம் தாமதத்துக்குக் காரணங்கள் சொல்லலாம். குழந்தையின் மூளை அதற்காகக் காத்திருப்பதில்லை.

உங்களிடம் நிருபர்கள் இருக்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. தமிழகத்தின் ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டு மாதக் கெடு தாண்டியும் அறிவிப்புக் கிடைக்காத, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் காத்திருக்கும் காலம் எவ்வளவு என்று கேட்டு வாங்கி, குழந்தைகளின் அடையாளம் தெரியாதவாறு மாவட்டவாரியாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், ஒரு வாசகி
தர்மபுரி